சேமச்செப்பு முதல் கீசர் வரை

குறுந்தொகையின் 277ஆம் பாடலில், வாடைக்காலம் எப்போது வரும் என்று அறிவரிடம் வினவும் தோழி, பனிக்கு இதமான வெந்நீர் அவருக்குச் சேமச்செப்பில் கிடைக்கட்டும் என வாழ்த்துகிறாள். பாடியவர் ஓரிற் பிச்சையார். சூடு ஆறாமல் நீரைக் காக்கும் கலத்துக்கு அன்றே நம்மிடம் பெயர் இருந்தது.

புதுச்சேரித் தமிழர் பகுதியின் பழைய வீடுகளை நாம் நினைத்துப் பார்க்கலாம். திண்ணை, தாழ்வாரம், வானம் பார்த்த முற்றம், அதன்பின் கொல்லை. வெந்நீர் அடுப்பு பெரும்பாலும் பின்கட்டில்தான் எரிந்தது. செப்பு அண்டாவை அடுத்து வந்த பாய்லரில் நடுக்குழலில் கரி எரியும். சுற்றிலும் நீர் காயும். புகை வெளியேற வழியிருந்தது. முற்றம் மறைந்து, மூடிய குளியலறைக்குள் வெப்பம் குடிபுகுந்தபோதுதான் ஆபத்தும் உடன் வந்தது.

இதற்கு முன்னுதாரணம் இலண்டனில் உண்டு. 1868இல் பெஞ்சமின் மாகன் எரிவாயுவால் நீரைச் சூடாக்கும் கருவியை உருவாக்கி, ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்றையொட்டி 'கீசர்' என்று பெயரிட்டார். அதில் புகைபோக்கி இல்லை. எரிவாயுக் கருவி இன்றும் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும் என்பது அதனால்தான். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. மயங்கி விழுந்தவர் கதவைத் திறக்க மாட்டார்.

1889இல் எட்வின் ரூட் அமெரிக்காவில் தானியங்கித் தொட்டிக் கீசரை அமைத்தார். மூடிய தொட்டிக்கு வேறு அச்சம் உண்டு. நீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 மடங்கு விரியும். தெர்மோஸ்டாட் பழுதானால் கட்அவுட்டும், அதுவும் தவறினால் பாதுகாப்பு வால்வும் காக்க வேண்டும். சொட்டுகிறதே என்று அந்த வால்வின் வாயை அடைப்பது வெடியை வீட்டில் வைப்பதற்கு ஒப்பாகும்.

புதுச்சேரிக்கு நீர் எப்போதுமே ஒரு கவலைதான். முத்திரைப்பாளையத்திலிருந்து நகருக்கு நல்ல நீர் வந்ததன் நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் (1852-1870) எழுந்ததே ஆயி மண்டபம். கடலோர நிலத்தடி நீரில் உப்பும் சுண்ணாம்பும் மிகும். அந்நீர் காயும்போது சுண்ணாம்பு காயிலின்மேல் படிகிறது; வெப்பம் நீருக்குச் செல்லாமல் காயில் தானே காய்ந்து வெடிக்கிறது. வெடித்த காயில் வழியே மின்சாரம் நீரில் கசியும்.

தொட்டியைக் காக்கும் மக்னீசியத் தண்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1824இல் ஹம்ப்ரி டேவி, கப்பலின் செப்புத் தகட்டோடு துத்தநாகத்தையும் இரும்பையும் இணைத்தார். இணைத்த உலோகம் தான் அரிபட்டுச் செம்பைக் காத்தது. கீசரிலும் தண்டு தீர்ந்தபின் அரிபடுவது தொட்டியே. உப்பு நீர் புழங்கும் வீட்டில் ஆண்டுக்கொருமுறை தொட்டியைத் திறந்து படிவை நீக்கி, தண்டைப் பார்த்து மாற்றுவது நலம்.

2,000 வாட் கீசர் 9 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பிளக்கும், முறையான எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்னை வெட்டும் கருவியும் வேண்டும். பழைய வீடுகளில் எர்த் கம்பி சுவருக்குள்ளேயே அறுந்து நிற்பதுண்டு. புதுக் கீசர் வாங்குமுன் மின்பணியாளரை அழைத்து அதனைச் சோதிப்பதே முதல் வேலை. மூடியைத் திறக்குமுன் மெயினை அணைப்பதும், நீர் நிரம்பியபின்னரே சுவிட்சைப் போடுவதும் அவரும் நாமும் மறக்கலாகாதவை.