அஃறிணைப் பன்மையும் மழலையர் கல்வியும்: ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

‘நாலு மாடு’ என்று சொல்லும் நான்கு வயதுக் குழந்தையை ‘நான்கு மாடுகள்’ எனத் திருத்தும் பழக்கம் மழலையர் வகுப்புகளில் உண்டு. அத்திருத்தத்துக்குத் தமிழ் இலக்கண மரபில் இடம் உள்ளதா என வரலாற்று நோக்கில் ஆராய்வதும், பல மொழியினர் கூடி வாழும் திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்தில் அம்முடிவின் பயனைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கண மரபில் ‘கள்’

அஃறிணை இயற்பெயர்கள் ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக நிற்பன என்பது தொல்காப்பியர் கொள்கை. அவற்றின் எண்ணிக்கையை உணர்த்துவது வினைமுற்று. ‘ஆ வந்தது’ என்னுமிடத்து ஒன்றும், ‘ஆ வந்தன’ என்னுமிடத்துப் பலவும் பெறப்படும். ‘கள்’ விகுதி ஏற்குமிடத்து வந்து சேரும்; அது கட்டாயமன்று. இத்தகைய பெயர்களையே நன்னூல் ‘பால்பகா அஃறிணைப் பெயர்’ என்று குறிக்கிறது.

உயர்திணையில் வளர்ச்சி வேறு வழியில் நிகழ்ந்தது. தொல்காப்பியம் அஃறிணைப் பெயரோடு இணைத்துக் கூறிய ‘கள்’, திருக்குறளில் ‘பூரியர்கள்’, ‘மற்றையவர்கள்’ என உயர்திணைச் சொற்களிலும் காணப்படுகிறது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூல் அவ்விகுதியைப் பலர்பாற் பெயர்க்கும் உரியதாக ஏற்றுக்கொண்டது. ‘அர்’ ஈறு ஒருவரை மதிப்புடன் சுட்டவும் பயன்பட்டதால், பலரைத் தெளிவாகக் காட்ட ‘அவர்கள்’, ‘மாணவர்கள்’ போன்ற இரட்டைப் பன்மை வடிவங்கள் வேரூன்றின. ஆகவே ‘கள்’ மக்கட்பெயரில் தேவையாகவும், அஃறிணையில் விருப்பமாகவும் நிலைபெற்றது. 1856இல் தம் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல்லும், திராவிட மொழிகளில் அஃறிணைப் பெயர்கள் பன்மை விகுதியை அருகியே ஏற்பதைக் குறிப்பிட்டுள்ளார்.

பேச்சு வழக்கின் நிலை

இன்றைய பேச்சில் ‘வந்தன’ போன்ற பலவின்பால் வினை பெரும்பாலும் வழக்கொழிந்தது. ‘ஒரு மாடு வந்துச்சு’, ‘நாலு மாடு வந்துச்சு’ என இரண்டிடத்தும் வினை ஒன்றே. எனவே எண்ணிக்கையை உணர்த்தும் பொறுப்பு எண்ணுப்பெயருக்கும், ‘மாடுங்க’, ‘மரங்க’ என்பவற்றில் ஒலிக்கும் ‘ங்க’ விகுதிக்கும் சென்றது. ‘நாலு மாடு’ என்னும் குழந்தை பன்மையை அறியாததன்று. பன்மையை எண்ணுப்பெயரால் உணர்த்திய குழந்தையே அது.

ஆங்கில அளவுகோல்

1958இல் ஜீன் பெர்க்கோ வெளியிட்ட ஆய்வில், ‘வக்’ என்னும் கற்பனை உயிரியின் படம் குழந்தைகளுக்குக் காட்டப்பட்டது. இரண்டு உயிரிகளைக் கண்டபோது, முன்பு கேட்டறியாத அச்சொல்லுக்கும் பெரும்பாலான குழந்தைகள் தாமே பன்மை விகுதி சேர்த்தனர். எண்ணுப்பெயர் முன்வந்தாலும் விகுதியை விடலாகாத ஆங்கிலத்துக்கு அது தக்க சோதனை. விகுதியைக் கட்டாயமாக்காத தமிழுக்கு அதே அளவுகோலைப் பொருத்தினால், பிழையற்ற தொடரும் பிழையாகத் தோன்றும்.

தொழில் வட்டாரத்தின் வகுப்பறை

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. இவற்றைச் சூழ்ந்து வளர்ந்த தொழிற்பூங்காக்கள் பீகார், ஒடிசா, மேற்கு வங்கம் முதலிய மாநிலத் தொழிலாளரை ஈர்த்தன. குடும்பத்தோடு வருவோரின் குழந்தைகளுக்கு, 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் அங்கன்வாடியே தமிழைச் சந்திக்கும் முதல் வகுப்பறையாக அமையக்கூடும். 2019 சனவரியில் தமிழக அரசு 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியபின், பராமரிப்பிடமாக இருந்த அம்மையங்கள் முறையான மொழிப்பாடத்துக்கும் களமாயின.

இந்தியில் ‘ஏக் கர்’, ‘தோ கர்’ என வீட்டைக் குறிக்கும் சொல் எண்ணுப்பெயருக்குப்பின் மாறுவதில்லை. ‘கிதாப்’ என்னும் சொல்லோ ‘கிதாபேன்’ என மாறும். வங்காளத்தில் எண்ணுப்பெயர்க்குப்பின் பன்மை விகுதி வருவதில்லை. ஆகவே ‘இரண்டு வீடு’ என்னும் தமிழமைப்பு இக்குழந்தைகளுக்கு அயலானதன்று. அதைத் தவறென விலக்கினால், இரு மொழிகளுக்கும் பொதுவான படிக்கட்டு ஒன்று அகற்றப்படும்.

இதற்கேற்பப் பாடத்தையும் வரிசைப்படுத்தலாம். புளியங்கொட்டை, கூழாங்கல் போன்றவற்றைக் கொண்டு ஒன்று, பல என்னும் கருத்தை முதலில் உணர்த்துதல் வேண்டும். அடுத்து ‘ரெண்டு கல்லு’ போன்ற எண்ணுத் தொடர்களை ஏற்றல் நன்று. அதன்பின் ‘மரங்க’ என்பதிலிருந்து ‘மரங்கள்’ என்பதற்குச் செல்லலாம். ‘பூக்கள்’, ‘கற்கள்’, ‘முட்கள்’ முதலிய புணர்ச்சி மாற்றங்கள் எழுத்தறிவு வளர்ந்தபின் வருவதே முறை.

முடிவுரை

அஃறிணையில் ‘கள்’ சேர்ப்பது எழுத்து நடையின் தெளிவுக்கு உதவும். அதனைக் கற்பிப்பதும் தேவையே. ஆயினும் அதனைச் சேர்க்காமை பிழையாகாது என்பதற்குத் தொல்காப்பியம் முதல் இன்றைய பேச்சு வழக்குவரை சான்றுண்டு. ‘நான்கு மாடுகள்’ என்பதை மற்றொரு வடிவமாகக் கற்பிக்கும் ஆசிரியர், குழந்தை வீட்டிலிருந்து கொணர்ந்த மொழியறிவைக் காத்து, அதன்மேல் எழுத்துத்தமிழைக் கட்டியெழுப்புகிறார்.