மலைக்கு அந்தப் பக்கம் கேட்குதா? ஊவாத் தோட்டங்களும் வானொலி அலையின் நூறு வருஷமும்

இலங்கையில் வானொலிக்கு நூறு வயசு ஆகிவிட்டது. 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பில் முறையான ஒலிபரப்பு ஆரம்பமானது. அந்த நூறு வருஷத்தைப் பற்றிப் பேசும்போது அறிவிப்பாளர்களின் குரல் வரும், பழைய பாட்டு வரும், இந்தியா வரைக்கும் பரவிய புகழ் வரும். ஒலிபரப்பினது போய்ச் சேர்ந்ததா, யாருக்குச் சேர்ந்தது, அதை யார் சோதித்துப் பார்த்தார்கள் என்ற கதை மட்டும் அதிகம் வராது. பதுளையில் இருந்து பார்த்தால் அதுதான் முக்கியமான கதை.

தபால் அட்டைதான் அளவுகோல்

கொழும்பில் பரீட்சார்த்த ஒலிபரப்புகளை 1923இல் தொடங்கியவர் தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர். முதலாம் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிப் பாகங்களை வைத்துத்தான் அவர் தன் கருவியைக் கட்டினார் என்று சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரின்போது உருவான மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத்தலைமைக்காக ஏகலையில் 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி வந்தது. போர் முடிந்து 1949இல் அது ரேடியோ சிலோனின் கைக்கு வந்ததும் ஆசியாவின் பெரிய வானொலிகளில் ஒன்று நம்ம நாட்டில் இருந்தது. 1952இல் இந்திய அமைச்சர் கேஸ்கர் ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டைத் தள்ளி வைத்தார். கேட்பவர்கள் முள்ளைத் திருப்பிக் கொழும்புக்கு வந்துவிட்டார்கள். தமிழ் வர்த்தக சேவையில் எஸ். பி. மயில்வாகனனின் குரலுக்காகவே வானொலி போட்டவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம்.

சரி, கொழும்பில் இருக்கும் பொறியியலாளருக்கு மதுரையில் கேட்குது என்று எப்படித் தெரியும்? கடிதத்தால்தான். பாட்டுக் கேட்டு எழுதுகிறவர் ஊர்ப் பெயரையும் எழுதுவார். “நேற்று சரியாக எடுக்கவில்லை” என்றும் எழுதுவார். கட்டுக் கட்டாக வந்த அந்த அட்டைகள் விருப்பப் பட்டியல் மட்டுமல்ல, அலை எங்கெங்கே போனது என்பதற்கான வரைபடமும் அவைதான்.

உலகம் முழுக்க இதே முறை இருந்தது. தொலைதூர வானொலி கேட்பதைப் பொழுதுபோக்காக வைத்திருந்தவர்கள் சின்போ என்ற ஒரு குறியீட்டைப் பயன்படுத்தினார்கள். அலையின் பலம், குறுக்கீடு, இரைச்சல், அலை பரவும் விதம், மொத்தத்தில் எப்படி என்று ஐந்துக்கும் 1 முதல் 5 வரை புள்ளி. அதை எழுதி அனுப்பினால் நிலையம் நன்றியாக ஓர் அட்டை அனுப்பும். இலங்கையின் விக்டர் குணதிலக்க இந்தத் துறையில் உலகளவில் பெயர் எடுத்தவர். பெரிய நிறுவனங்கள் சொந்த ஏற்பாடும் செய்தன. பிபிசி, இங்கிலாந்தின் டாட்ஸ்ஃபீல்டில் அலைகளைக் கேட்டு அளக்கவே 1929இல் ஒரு நிலையம் திறந்தது. பின்னாளில் வொய்ஸ் ஒஃப் அமெரிக்கா பல நாட்டு நகரங்களில் தானியங்கி வாங்கிகளை வைத்து, அங்கே பதிவான ஒலித்துண்டுகளை அமெரிக்காவில் இருந்தே கேட்டுப் பார்த்தது. இன்று ‘தொலைநிலைக் கண்காணிப்பு’ என்று சொல்வதன் அடிப்படை இதுதான்: ஒலிபரப்புகிற இடத்தில் நின்று காது கொடுக்காதே, கேட்கிற இடத்தில் ஒரு காதை வை.

தோட்டங்களுக்கு இந்தக் காலம் ஒரு வகையில் நல்ல காலம். 1954க்குப் பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. லயத்தில் மின்சாரம் இல்லாட்டியும் பேட்டரி போட்டால் பாடும். சிற்றலை வானத்தில் பட்டுத் திரும்பி வரும். மத்திய அலை தரையோடு ஒட்டி வந்து மேட்டைக் கொஞ்சம் வளைந்தும் தாண்டும். இரைச்சல் இருக்கும், ஆனால் மலை அதை முழுசாக மறைக்காது. 1948இல் குடியுரிமை பறிபோன சனம், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரண்டாகப் பிரிக்கப்பட்ட சனம். கப்பலேறிப் போனவர்களும் இங்கேயே நின்றவர்களும் ஒரே இரவில் ஒரே நிலையத்தைக் கேட்க முடிந்தது என்பது சின்ன விஷயம் இல்லை.

எஃப்எம் வந்தது, மலை குறுக்கே நின்றது

1990களில் தனியார் எஃப்எம் நிலையங்கள் வரத் தொடங்கின. 1998இல் சூரியன் எஃப்எம், சக்தி எஃப்எம் என்று நாள் முழுக்கத் தமிழ். ஒலி சுத்தம், இரைச்சல் இல்லை. கொஞ்ச வருஷத்தில் வானொலி என்றாலே எஃப்எம் என்று ஆகிவிட்டது.

ஆனால் எஃப்எம் ஓடுவது 87.5 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரை. ஓர் அலையின் நீளம் சுமார் மூன்று மீற்றர். மூன்று மீற்றர் அலைக்கு ஒரு மலைத்தொடர் என்பது சுவர். ஓரளவு வளையும், பெரும்பாலும் நேர்கோட்டில்தான் போகும். ஒலிபரப்புக் கோபுரத்தை மலை உச்சியில் வைப்பதற்கு இதுதான் காரணம். அப்படி வைத்தாலும், உச்சியில் இருந்து கண்ணுக்குத் தெரியாத பள்ளத்துக்கு அலையும் சரியாகப் போகாது.

இப்போது ஊவாவின் படத்தை மனசில் கொண்டு வாங்க. பதுளை நகரம் பள்ளத்தில். பதுளை, பசறை, எல்ல மூன்றுக்கும் நடுவே 2000 மீற்றருக்கு மேல் நமுனுகுல. அப்பால் லுணுகலை, மடுல்சீமை. தெற்கே அப்புத்தளை விளிம்பு, அதற்குக் கீழே அல்துமுல்லை, கொஸ்லந்தை. தோட்டங்கள் இருப்பது பெரும்பாலும் சரிவிலும் மடிப்பிலும். 2012 கணக்கெடுப்பின்படி பதுளை மாவட்டத்தில் மலையகத் தமிழர் சுமார் ஒன்றரை லட்சம் பேர். ஒரே தோட்டத்தில் மேல் டிவிசனுக்குப் பளிச்சென்று கேட்கும் நிலையம், கீழ் டிவிசனில் ‘ஸ்ஸ்ஸ்’ என்று இழுக்கும். எதிர் மலையில் பட்டுத் திரும்பும் அலை, நேரே வரும் அலையோடு மோதுவது இன்னொரு தொல்லை. வானொலியை ஓர் அடி தள்ளி வைத்தால் சரியாகிவிடுவது இதனால்தான்.

பெரிய நிலையங்கள் மறந்த மடிப்புகளைச் சமூக வானொலி நிரப்பும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. 1989இல் கொத்மலை வானொலி வந்தது; 1990களின் இறுதியில் அங்கே இணையத்தில் தேடி வானொலியில் பதில் சொன்னது உலகம் பேசிய பரிசோதனை. ஊவாவுக்கும் 2000களின் தொடக்கத்தில் ஊவா சமூக வானொலி வந்தது. ஆனால் இவை இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் குடைக்குக் கீழேயே இருந்தன. சமூகத்தின் சொந்த அனுமதிப்பத்திரமாக அவை மாறவில்லை.

பத்து மீற்றர் உயரத்துக் காது

‘இந்தப் பகுதிக்கு எஃப்எம் கிடைக்கிறது’ என்று சொல்ல ஒரு சர்வதேசக் கணக்கு இருக்கிறது. சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, கிராமப்புறத்தில் ஸ்டீரியோ ஒலிபரப்புக்கு அலையின் பலம் மீற்றருக்குச் சுமார் 500 மைக்ரோவோல்ட் இருக்க வேண்டும். மோனோவுக்கு அதில் பாதி போதும். நகரத்தில் இரைச்சல் அதிகம் என்பதால் ஸ்டீரியோவுக்குச் சுமார் 2000.

இந்தக் கணக்கில் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். அளவு தரையில் இருந்து பத்து மீற்றர் உயரத்துக்குச் சொல்லப்பட்டது. கூரைமேல் அன்டெனா இருக்கிற வீட்டை நினைத்துப் போட்ட கணக்கு. லயத்தில் வானொலி இருப்பது தகரக் கூரைக்குக் கீழே, ஒரு மேசையில், தன் சொந்தக் கம்பியை நீட்டிக்கொண்டு. தகரம் அலையைத் தடுக்கும், உயரம் குறையக் குறைய அலையும் மெலியும். காகிதத்தில் ‘கிடைக்கிறது’ என்று நிறம் பூசிய இடத்தில், காம்பராவுக்குள் ஒன்றும் இல்லாமல் போவதற்கு யாரும் பொய் சொல்லத் தேவையில்லை. காதை வைத்த இடம் வேறு, அவ்வளவுதான்.

மௌனத்தில் இரண்டு வகை

இது பாட்டுக் கேட்கிற பிரச்சினை மட்டும் என்றால் விட்டுவிடலாம். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலருடைய உடல்கள் கடைசி வரை கிடைக்கவில்லை. அங்கே அலை கிடைக்காததால் அது நடந்தது என்று சொல்ல முடியாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை அலுவலகக் கோப்பில் இருந்தது, சனம் லயத்தில் இருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் பதுளை மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. மின்சாரமும் தொலைபேசியும் அறுந்த இரவுகளில் பேட்டரி வானொலிதான் மிச்சம். அதில் தமிழில் ஒரு குரல் வருதா என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி.

“மழை பெய்தால் ரேடியோ எடுக்காது” என்று நம்ம ஆட்கள் சொல்வது வழக்கம். உண்மையில் எஃப்எம் அலையை மழை கிட்டத்தட்ட ஒன்றும் செய்யாது. மழையில் அடிபடுவது வேறு: மலை உச்சிக் கோபுரத்துக்கு மின்சாரம், அல்லது கொழும்புக் கலையகத்தில் இருந்து அந்தக் கோபுரத்துக்கு நிகழ்ச்சியைக் கொண்டு வரும் செய்மதி இணைப்பு. இந்த இரண்டும் வேறு வேறு மௌனம். மின்சாரம் போனால் அலையே இல்லை, வானொலி இரையும். இணைப்பு மட்டும் போனால் அலை இருக்கும், குரல் இருக்காது, வானொலி அமைதியாகிவிடும். முதலாவதற்கு ஜெனரேட்டர் பதில், இரண்டாவதற்கு மாற்று இணைப்பு பதில்.

தொலைநிலைக் கண்காணிப்புக் கருவி இதைத்தான் பிரித்துச் சொல்கிறது. ஒரு வாங்கி நாள் முழுக்க அலையின் பலத்தை அளக்கும், ஸ்டீரியோவுக்கான 19 கிலோஹேர்ட்ஸ் அடையாள ஒலி இருக்கிறதா என்று பார்க்கும், குறிப்பிட்ட விநாடிகளுக்கு மேல் சத்தம் இல்லாவிட்டால் பொறியியலாளரின் கைபேசிக்குத் தகவல் அனுப்பும். ஆனால் அந்தப் பெட்டி பதுளை நகரத்தில் இருந்தால் பதுளை நகரத்தின் கதையைத்தான் சொல்லும். மடுல்சீமையின் ஒரு மடிப்பைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

முன்பு இந்தக் கருவிகள் நிறுவனங்களிடம் மட்டும் இருந்தன. 2012 அளவில், தொலைக்காட்சி பார்க்க விற்ற ஒரு சின்ன யூஎஸ்பி குச்சியைக் கணினியில் மென்பொருள் வானொலியாக மாற்றலாம் என்று ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். அதோடு விலை இருபது டொலர் அளவுக்கு இறங்கியது. ஒரு பள்ளிக்கூடம், ஒரு வாசிகசாலை, ஒரு இளைஞர் மன்றம் வைத்துக்கொள்ளக்கூடிய விலை.

அதுகூட இல்லாமல் தொடங்கலாம். தோட்டப் பெயர், டிவிசன், திகதி, நேரம், அலைவரிசை, காம்பராவுக்குள்ளேயா வாசலிலா, 1 முதல் 5 வரை புள்ளி. நின்றுபோனால் இரைச்சலா, அமைதியா. ஒரு பருவமழைக் காலம் முழுக்க இருபது தோட்டங்களில் இதை எழுதி வைத்தால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்திடமும் கொண்டுபோய் வைக்க ஒரு தாள் இருக்கும். “எங்களுக்குக் கேட்பதில்லை” என்று சொன்னால் குறை கேட்டுவிட்டு அனுப்பிவிடுவார்கள். “இந்த டிவிசனில், இந்த இரவு, இத்தனை மணி நேரம் தமிழில் எந்த நிலையமும் இல்லை” என்று திகதியோடு காட்டினால் பதில் சொல்லியாகணும்.