கொரியா: எழுதப்படாத பாகப்பத்திரம்

உடன்பிறந்தார் இருவர் மனம் வேறுபட்டுக் குடும்பச் சொத்தைப் பிரித்துக்கொள்வது உலகியல்பு. பெரியவர்கள் முன்னிலையில் நிலமும் வீடும் அளக்கப்படும், பாகப்பத்திரம் எழுதப்படும், பதிவும் ஆகும். அதன்பின் இன்னார் எல்லை இதுவரை என்பதில் ஐயத்திற்கு இடமில்லை. ஆனால் பத்திரம் எழுதாமலே, சண்டைக்கு நடுவில் ஒரு சுவரை எழுப்பிவிட்டு, இரு பக்கத்தாரும் 'வீடு முழுவதும் எனதே' என்று சொல்லிக்கொண்டு எழுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தால், அவர்களை என்னவென்று அழைப்பது? பகைவர் என்பதா, பங்காளிகள் என்பதா, அண்டை வீட்டார் என்பதா? வட கொரியா, தென் கொரியா என நாம் வழங்கும் இரு நாடுகளின் நிலை இதுவே. அவற்றிடையே சட்டமும் அரசியலும் வாணிகமும் எவ்வாறு பின்னிக் கிடந்தன, அப்பின்னல் எவ்வாறு அறுந்தது என்பதைச் சற்றே ஆராய்வோம்.

கொரிய மக்கள் ஒரே மொழி பேசி, ஒரே எழுத்தை எழுதி, பல நூற்றாண்டுக் காலம் ஒரே அரசின்கீழ் வாழ்ந்தவர்கள். 1910-இல் ஜப்பான் அந்நாட்டைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. 1945 ஆகஸ்டு 15-இல் ஜப்பான் பணிந்தபோது கொரியா விடுதலை பெற்றது. ஆனால் விடுதலை வருமுன்னரே பிரிவினைக் கோடு வந்துவிட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் இரவு, வாஷிங்டனில் இரண்டு அமெரிக்கப் படையதிகாரிகள் தேசப்படம் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு 38-ஆவது அட்சரேகையைக் குறித்தனர். அவருள் ஒருவர் டீன் ரஸ்க். பிற்காலத்தில் அமெரிக்காவின் வெளியுறவு அமைச்சராக விளங்கியவர். கோட்டுக்கு வடக்கே சோவியத் படையும் தெற்கே அமெரிக்கப் படையும் ஜப்பானியரிடம் ஆயுதங்களைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பதே ஏற்பாடு. கொரியர் எவரையும் கேட்டு அக்கோடு போடப்படவில்லை.

தற்காலிகக் கோடு நிலையான கோடாக நெடுநாள் ஆகவில்லை. நாடு முழுவதும் தேர்தல் நடத்துவதற்காக ஐக்கிய நாடுகள் சபை ஓர் ஆணையத்தை அமைத்தது. 1948 ஜனவரியில் சியோல் நகரை அடைந்த அவ்வாணையத்திற்கு இந்தியாவின் கே. பி. எஸ். மேனன் தலைவராக இருந்தார். சோவியத் தரப்பு அவர்களை வடக்கே நுழைய விடவில்லை. ஆகவே 1948 மே 10-இல் தெற்கில் மட்டும் தேர்தல் நடந்தது. நான்கு நாள் கழித்து, மே 14-இல், வடக்கு தெற்கிற்கு அனுப்பிவந்த மின்சாரத்தை நிறுத்தியது. பெரிய நீர்மின் நிலையங்கள் வடக்கே. நெல் விளையும் சமவெளிகள் தெற்கே. ஒன்றையொன்று சார்ந்து வாழ்ந்த இரு பகுதிகளுக்கும் இடையே முதலில் அறுந்தது மின்கம்பி. ஆகஸ்டு 15-இல் தெற்கில் கொரியக் குடியரசும், செப்டம்பர் 9-இல் வடக்கில் கொரிய ஜனநாயக மக்கள் குடியரசும் தோன்றின.

இங்கேதான் சட்டத்தின் விந்தை தொடங்குகிறது. தென் கொரிய அரசியல் சட்டத்தின் 3-ஆம் விதி, கொரியத் தீபகற்பம் முழுவதும் அதனைச் சேர்ந்த தீவுகளும் தன் நாட்டின் நிலப்பரப்பு என்று கூறுகிறது. வட கொரியாவின் 1948-ஆம் ஆண்டு அரசியல் சட்டமோ நாட்டின் தலைநகர் சியோல் என்றே எழுதிவைத்தது. 1972-இல்தான் அது பியாங்யாங் என மாற்றப்பட்டது. தென் கொரிய அரசு வடக்கிலுள்ள ஐந்து மாகாணங்களுக்கும் ஆளுநர்களை நியமித்து வருகிறது. அவர்கள் தாம் ஆளும் மாகாணத்தில் காலடி வைக்க இயலாது. எனினும் பதவி உண்டு, அலுவலகம் உண்டு. இதைக் கேட்டு நகைக்க வேண்டா. இந்தக் கற்பனைக்குள் ஒரு நன்மையும் இருந்தது. வடக்கிலிருந்து தப்பி வந்தவர் அயல்நாட்டு அகதி அல்லர்; தென் கொரியாவின் குடிமகனே என்பது இவ்விதியிலிருந்து கிளைத்த முடிவு. அவ்வாறு வந்து குடியுரிமை பெற்று வாழத் தொடங்கியவர்கள் 34,000 பேருக்கு மேல்.

1950 ஜூன் 25-இல் வட கொரியப் படை 38-ஆவது கோட்டைக் கடந்தது. மூன்றாண்டுப் போரில் சியோல் நான்கு முறை கைமாறியது. 1953 ஜூலை 27-இல் பன்முன்ஜோமில் ஏற்பட்டது போர்நிறுத்த ஒப்பந்தம் மட்டுமே. சமாதான உடன்படிக்கை அன்று. அதில் ஐக்கிய நாடுகள் படைத் தலைமையும், வட கொரியப் படையும், சீன மக்கள் தொண்டர் படையும் கையெழுத்திட்டன. தென் கொரியா கையெழுத்திடவில்லை. ஒப்பந்தப்படி ஓர் எல்லைக்கோடும், அதன் இருபுறமும் இரண்டிரண்டு கிலோமீட்டர் அகலத்தில் படையில்லாப் பகுதியும் அமைந்தன. சட்டத்தின் பார்வையில் இது போர்நிறுத்தக் கோடேயன்றி இரு நாடுகள் ஒப்புக்கொண்ட எல்லை அன்று.

இவ்விடத்தில் நம் நாட்டின் பங்கை நினைவுகூர்தல் தகும். தாயகம் திரும்ப மறுத்த போர்க் கைதிகள் இருபத்திரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர். அவர்கள் விருப்பத்தை அறிந்து ஆவன செய்வதற்கு அமைந்த நடுநிலை நாடுகளின் ஆணையத்திற்குத் தலைவராக இருந்தவர் தளபதி திம்மையா. கைதிகளைக் காத்த இந்தியப் படைக்குத் தலைமை தாங்கியவர் தளபதி தோரட். இறுதியில் வடக்கும் வேண்டா, தெற்கும் வேண்டா என்று நடுநிலை நாடு கோரி, 1954-இல் இந்தியப் படையினருடன் இந்தியா வந்து சேர்ந்தோர் 88 பேர். அவருள் 76 பேர் கொரியர், எஞ்சியோர் சீனர். சொந்த மண் முழுவதையும் துறப்பதே நிம்மதி என்று ஒருவன் எண்ணும் அளவுக்கு அப்பிரிவினை கொடிதாக இருந்தது.

போர் ஓய்ந்தபின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பேச்சே இல்லை. 1972 ஜூலை 4-இல் இரு அரசுகளும் ஒரு கூட்டறிக்கை வெளியிட்டன. பிறர் தலையீடின்றி, அமைதி வழியில், இன ஒற்றுமையை முன்வைத்து ஒன்றுசேர வேண்டும் என்பன அதன் மூன்று கொள்கைகள். 1991 செப்டம்பர் 17-இல் இரண்டும் ஒரே நாளில் ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்பு நாடுகளாயின. உலகத்தார் கண்ணுக்கு அன்றே இரு நாடுகள் ஆகிவிட்டன. தமக்குள்ளோ அவை அவ்வாறு சொல்லிக்கொள்ள விரும்பவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 13-இல் கையெழுத்தான அடிப்படை ஒப்பந்தத்தின் முகவுரை, தம் உறவு நாட்டிற்கும் நாட்டிற்கும் இடையிலான உறவு அன்று என்றும், ஒன்றுசேரும் போக்கில் இடைக்காலமாக அமைந்த தனிவகை உறவு என்றும் கூறியது.

சொற்சாதுரியம் என்று இதை ஒதுக்கிவிடலாகாது. இச்சொல்லிலிருந்து பல நடைமுறைகள் பிறந்தன. தென் கொரியா 1990-இல் இயற்றிய பரிமாற்ற ஒத்துழைப்புச் சட்டத்தின்படி, வடக்குடன் செய்யும் வாணிகம் வெளிநாட்டு வாணிகம் அன்று; ஓரினத்தாருக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கல். ஆதலால் சுங்கத் தீர்வை இல்லை. ஏற்றுமதி, இறக்குமதி என்ற சொற்களைக்கூடச் சட்டம் தவிர்த்தது. வெளிக்கொணர்தல், உட்கொணர்தல் என்ற பொருளுடைய சொற்களையே ஆண்டது. வடக்கே செல்வோர்க்குக் கடவுச்சீட்டு வழங்கப்படவில்லை. பயணச் சான்றிதழ் வழங்கப்பட்டது. வடக்குடனான விவகாரங்களைக் கவனித்ததும் வெளியுறவு அமைச்சு அன்று. அதற்கெனத் தனி அமைச்சு இருந்தது.

அதே வேளையில், 1948 டிசம்பரில் பிறந்த தேசியப் பாதுகாப்புச் சட்டம் நீங்கவில்லை. அதன்படி வட கொரியா அரசுக்கு எதிரான ஓர் அமைப்பு. அனுமதியின்றி அதனுடன் தொடர்பு கொள்வது குற்றம். ஒரு சட்டத்தில் கூட்டாளி, மற்றொரு சட்டத்தில் பகைவன்! தென் கொரிய நீதிமன்றங்கள் இவ்விரண்டும் உண்மையே என்று ஏற்றுக்கொண்டன.

வாணிகம் வளர்ந்த கதை சுவையானது. சுங் ஜூ-யுங் என்பார் இன்று வடக்கில் உள்ள ஓர் ஊரில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் தந்தை மாடு விற்ற பணத்தை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறியவர். தெற்கில் ஹூண்டாய் நிறுவனத்தை நிறுவிப் பெருஞ்செல்வர் ஆனார். 1998-இல், தம் முதுமையில், இரு தவணைகளாக 1,001 மாடுகளை லாரிகளில் ஏற்றிப் பன்முன்ஜோம் வழியாக வடக்கே ஓட்டிச் சென்றார். அந்தப் பழைய கடனை இவ்வாறு தீர்த்தார் என்று மக்கள் பேசிக்கொண்டனர். அவ்வாண்டு நவம்பரில் கும்காங் மலைச் சுற்றுலா தொடங்கியது. 2000 ஜூனில் தென் கொரியத் தலைவர் கிம் டே-ஜுங் பியாங்யாங் சென்று கிம் ஜோங்-இல்லைக் கண்டார். முதலீட்டுக்குப் பாதுகாப்பு, இரட்டை வரி தவிர்த்தல், வழக்குத் தீர்வு, பணக் கணக்குத் தீர்வு ஆகிய நான்கு ஒப்பந்தங்கள் அவ்வாண்டு டிசம்பரில் கையெழுத்தாயின.

இவற்றின் கனியாகவே கேசாங் தொழிற்பேட்டை அமைந்தது. கேசாங் பழைய கொரியோ அரசின் தலைநகர். சியோலிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. போருக்கு முன் தெற்கின் வசம் இருந்து, பின் வடக்கின் வசமானது. தெற்கின் முதலும் இயந்திரமும், வடக்கின் நிலமும் உழைப்பும் அங்கே சேர்ந்தன. 2004 டிசம்பரில் அங்குச் செய்த சமையல் பாத்திரங்கள் முதன்முதலாகச் சியோல் கடைக்கு வந்தபோது மக்கள் விரைந்து வாங்கித் தீர்த்தனர். நாளடைவில் 120-க்கு மேற்பட்ட நிறுவனங்களும் 50,000-க்கு மேற்பட்ட வட கொரியத் தொழிலாளரும் அங்கே இயங்கினர். தொடக்கத்தில் குறைந்த அளவு மாத ஊதியம் 50 டாலர். ஆனால் அப்பணம் தொழிலாளர் கைக்கு நேரே செல்லவில்லை. வட கொரிய அதிகாரிகளிடம் செலுத்தப்பட்டது. அதில் எவ்வளவு அணுகுண்டுச் செலவுக்குப் போயிற்று என்ற வினா தெற்கில் ஓயாது எழுந்தது.

இத்தனை ஏற்பாடுகளும் எங்கே சறுக்கின? சொல்லால் உறவு திறந்ததே தவிர, அவ்வுறவைக் காக்கும் வலிமை சட்டத்திற்கு வாய்க்கவில்லை. 1991-ஆம் ஆண்டின் ஒப்பந்தம் தென் கொரிய நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெறவில்லை. அது நன்மக்கள் தம்முள் தந்துகொண்ட வாக்குப் போன்றதே என்று நீதிமன்றங்கள் கூறிவிட்டன. நான்கு பொருளாதார ஒப்பந்தங்கள் நாடாளுமன்றத்தின் இசைவைப் பெற்று 2003-இல் நடைமுறைக்கு வந்தும், அரசியல் புயல் வீசியபோது அவை யாரையும் காக்கவில்லை. 2008 ஜூலையில் கும்காங் சென்ற ஒரு பெண்மணி வட கொரியக் காவல் வீரனால் சுடப்பட்டு இறந்தார், சுற்றுலா நின்றது. 2010 மார்ச்சில் சியோனான் என்ற போர்க்கப்பல் மூழ்கி 46 மாலுமிகள் மாண்டனர். வட கொரியாவின் செயலே என்று குற்றம் சாட்டிய தென் கொரியா, கேசாங் நீங்கலாகப் பெரும்பாலான வாணிகத்தை நிறுத்தியது. 2016-இல் வடக்கு அணுகுண்டுச் சோதனையும் ஏவுகணை முயற்சியும் நடத்தவே, பிப்ரவரி 10-இல் தெற்கு கேசாங்கையும் மூடியது. வடக்கு அங்கிருந்தோரை வெளியேற்றி, பொருள்களை முடக்கியது. வழக்காடிய நிறுவனங்களுக்குத் தென் கொரிய அரசியல் சட்ட நீதிமன்றம் 2022-இல் சொன்ன தீர்ப்பு, அரசு மூடியது சட்டத்திற்கு முரணன்று என்பதே.

2018-இல் ஒருமுறை மீண்டும் நம்பிக்கை துளிர்த்தது. தலைவர்கள் பன்முன்ஜோமில் கைகோத்துக் கோட்டைத் தாண்டினர். கேசாங்கில் இருதரப்புத் தொடர்பு அலுவலகம் திறக்கப்பட்டது. அவ்வலுவலகத்தை 2020 ஜூனில் வடக்கே வெடிவைத்துத் தகர்த்தது.

பின் வந்தது பெரிய மாற்றம். 2023 டிசம்பரில் வட கொரியத் தலைவர் கிம் ஜோங்-உன், இனி இது ஓரினத்தார் உறவு அன்று, பகைமை கொண்ட இரு நாடுகளின் உறவே என்று அறிவித்தார். 2024 ஜனவரியில் ஒன்றிணைப்புப் பணிக்கான அமைப்புகள் கலைக்கப்பட்டன. பியாங்யாங்கில் இரு பெண்கள் கொரியாவின் படத்தை ஏந்தி நின்ற ஒன்றிணைப்பு வளைவு அகற்றப்பட்டது. அடுத்த மாதம் தெற்குடனான பொருளாதார ஒத்துழைப்புச் சட்டமும் ஒப்பந்தங்களும் நீக்கப்பட்டன. அக்டோபரில் இணைப்புச் சாலைகளும் தண்டவாளங்களும் தகர்க்கப்பட்டன. தென் கொரியாவைப் பகைநாடு என்று தம் அரசியல் சட்டம் வரையறுப்பதாக வடக்கின் செய்தி நிறுவனம் அறிவித்தது.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று சிலர் கேட்கலாம். ஒன்றுசேரும் கனவை விட்டு, நல்ல அண்டை நாடுகளாக வாழ்ந்தால் போதாதா என்று தென் கொரியாவிலேயே சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வியே. பத்திரம் எழுதி முறைப்படி பிரிந்து, பிறகு நட்புடன் வாழ்வதும் ஒரு வழிதான். ஆனால் இப்போது நேர்ந்திருப்பது அதுவன்று. சமாதான உடன்படிக்கை கையெழுத்தாகவில்லை. ஒப்புக்கொண்ட எல்லையும் இல்லை. இருந்த உறவுப் பெயர் மட்டும் ஒரு தரப்பால் அழிக்கப்பட்டது. பத்திரமும் எழுதாமல் பங்காளி உறவையும் அறுத்துக்கொண்டால் எஞ்சுவது அந்தச் சுவர் ஒன்றே.

இதன் சுமையைச் சுமப்பவர்கள் முதியவர்கள். போரில் பிரிந்த உறவினரைக் காண வேண்டித் தென் கொரியாவில் பெயர் பதிந்தவர்கள் 1,30,000 பேருக்கு மேல். 2000 முதல் 2018 வரை 21 முறை நேர்ச் சந்திப்புகள் நடந்தன. ஒவ்வொரு முறையும் குலுக்கலில் தேர்ந்த சில நூறு பேர், சில மணி நேரம் கூடி அழுது பிரிந்தனர். 2018 ஆகஸ்டுக்குப் பின் சந்திப்பே இல்லை. பெயர் பதிந்தவர்களில் பெரும்பாலோர் காத்திருந்தே கண்மூடிவிட்டனர். எஞ்சியோரில் பலர் எண்பது வயது கடந்தவர்கள். அவர்களுக்கு வேண்டியது முழு நாட்டின் இணைப்புக்கூட அன்று. ஒரு கடிதம், ஒரு முகம், உடன்பிறந்தவர் உயிருடன் உள்ளாரா என்ற ஒரு செய்தி.

இரு தரப்பும் ஒன்றாகட்டும், அன்றி இரண்டாகவே நிற்கட்டும். அதனைக் கொரிய மக்களே முடிவு செய்ய வேண்டும். ஆனால் எம்முடிவாயினும் அது எழுத்தில் வரவேண்டும். மக்கள் மன்றங்களின் ஒப்புதலைப் பெறவேண்டும். ஒரு தலைவரின் சினத்தால் ஓரிரவில் அழியாததாக இருக்கவேண்டும். 1953-இல் எழுதாமல் விட்ட அப்பத்திரத்தை எழுதி முடிப்பதற்கு இனியும் காலம் தாழ்த்தினால், அதைக் கண்ணால் கண்டு மகிழ அந்தத் தலைமுறையில் ஒருவரும் எஞ்சியிருக்க மாட்டார்.