பற்றுக் கொப்பியும் கூப்பன் புத்தகமும்: மாத்தளைக் கடைகளில் வாடிக்கையாளர் பிணக்கின் வரலாறு

கடைக்காரருக்குத் தொல்லை தரும் வாடிக்கையாளர் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறாரெனினும், எத்தகைய நடத்தை தொல்லையெனக் கருதப்பட்டது என்பதை ஆளின் குணத்தைவிடச் சரக்கும் கடனும் சட்டமும் கடைக்காரரையும் வாங்குபவரையும் பிணைத்த விதமே தீர்மானித்தது. மாத்தளை நகரின் திருகோணமலை வீதியிலும், உக்குவளை, றத்தோட்டை போன்ற தோட்டப்புறச் சிறு நகரங்களிலும் வளர்ந்த சில்லறை வணிகம் இதற்குத் தக்க சான்றாகும்.

கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியாக நடந்து மலைநாட்டை அடையும் வடபாதையில் மாத்தளை அமைந்திருந்தது. 1880 இல் கண்டியிலிருந்து புகையிரதப் பாதையும் வந்து சேர, அரிசியும் கருவாடும் துணியும் பெருமளவில் வந்திறங்கும் சந்தை நகராக அது வளர்ந்தது. தோட்டத் தொழிலாளியின் கையில் ரொக்கம் சம்பள நாளில் மட்டுமே புழங்கியதால், கடைக்காரர் ‘பற்று’ முறையில், அதாவது வாங்கிய பொருளின் விலையைக் கொப்பியில் எழுதிவைத்துச் சம்பளத்தன்று மொத்தமாகப் பெறும் முறையில், வணிகம் செய்ய வேண்டியிருந்தது. கடைக்காரரும் அநேகமாகக் கடனாளியே: வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார்களின் முதலீடு, கொழும்பு மொத்த வியாபாரிகளின் வழியாகச் சரக்குக் கடனாக அவரிடம் வந்தது. எனவே 1930களின் பொருளாதார மந்தத்தில் செட்டியார்கள் தம் கடன்களைத் திரும்பக் கேட்டபோது, அந்த நெருக்கடி படிப்படியாக இறங்கிச் சிறுகடையின் மேசைவரை வந்தது.

இச்சூழலில் கடைக்காரரைப் பெரிதும் வருத்தியவர், பேரம் பேசுபவரைவிட, சம்பள நாளில் பழைய கடை வாசலைத் தவிர்த்து வேறு கடையில் ரொக்கத்துக்கு வாங்கியவரும், கொப்பியில் எழுதப்பட்டதை ‘வாங்கவில்லை’ என மறுத்தவருமே ஆவர். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டம், கடைப்பற்றுக் கடனுக்கு அது செலுத்தப்பட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வழக்குத் தொடராவிட்டால் உரிமை அற்றுப்போகும் என விதித்திருந்தது. கடனாளி எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ, ஒரு பகுதியைச் செலுத்தினாலோ அந்தக் காலக்கணக்கு புதிதாகத் தொடங்கும். ஆகவே ‘கொஞ்சமாவது கட்டிவிட்டுப் போ’ என்னும் கடைக்காரரின் கெஞ்சலுக்கு இரக்கத்தோடு சட்டக் காரணமும் இருந்தது. கடுமையாகப் பேசினால் ஆளும் போய்க் கடனும் போய்விடும் என்ற அச்சம் அவருடைய பணிவான பேச்சை வடிவமைத்தது. வாங்குபவர் தரப்பில் சுமை இதைவிடக் கனமானது. தம்மைத் திரட்டி மேற்பார்த்த கங்காணிக்குத் தொழிலாளர் பட்ட கடனைத் தீர்த்தால் அவர்களை விடுவிப்பதாகத் தோட்டத் துரை எழுதித் தரும் ‘துண்டு’ முறை 1921 இல் ஒழிக்கப்படும்வரை, கடைக் கடன் அவர்களுடைய பல கடன்களுள் ஒன்றாகவே இருந்தது.

இரண்டாம் உலகப் போரில் பர்மா வீழ்ந்து அரிசி வரத்து நின்றபின், 1942 இல் புகுத்தப்பட்ட பங்கீட்டு முறை இவ்வுறவைத் தலைகீழாக்கியது. பதிவுசெய்த கடையிலேயே பங்கை வாங்க வேண்டுமென்பதால், கூப்பன் புத்தகத்தோடு கியூவில் நின்றவருக்கு வேறு கடைக்குப் போகும் சுதந்திரம் இல்லாமற்போயிற்று. பங்கை விநியோகித்த கூட்டுறவுச் சங்கக்கடையின் மனேஜருக்கோ ஆளைப் பிடித்துவைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அரிசியில் கல், நிறையில் குறைவு, ‘சாமான் முடிந்துவிட்டது’ என்ற பதில் ஆகியவை பற்றிய வாக்குவாதங்கள் இக்காலத்துக்குரியவை. 1953 இல் பங்கீட்டு அரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டு, ஆகஸ்ட் 12 இல் நாடளாவிய ஹர்த்தாலுக்கு வழிவகுத்ததில் விலையை நிர்ணயித்தது கொழும்பிலுள்ள அரசு. எனினும் அவ்விலையை வாங்குபவரிடம் முதலில் சொல்ல வேண்டியிருந்தவர் மேசைக்குப் பின்னால் நின்ற சிப்பந்தியே ஆவார்.

அச்சிப்பந்திக்குச் சட்டம் அளித்த காப்பு வேறொரு திசையில் சென்றது. 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம் என வேலையை வரையறுத்து, விடுமுறையையும் ஊதியத்தையும் ஒழுங்குபடுத்தியது. வேலை நேரத்தில் அவர் கேட்க நேர்ந்த வசைச் சொல் முதலாளியின் விருப்பு வெறுப்புக்கே விடப்பட்டது. பின்னர் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், விற்பனைக்கு வைத்திருக்கும் பொருளை விற்க மறுப்பதையும் பதுக்குவதையும் தடைசெய்ததோடு, கேட்டால் பற்றுச்சீட்டு வழங்கவும் வணிகரைக் கடமைப்படுத்தியது. இதனால் வாடிக்கையாளரின் முறைப்பாடு உரிமையாக வலுப்பெற்றது.

‘கடன் அன்பை முறிக்கும்’ என்னும் பலகை இன்றும் தோட்டப்புறக் கடைகளில் தொங்குகையில், நகரின் சுப்பர் மார்க்கெட்டுகள் பற்றை முற்றாகக் கைவிட்டு, விலையைப் பொதியிலேயே அச்சிட்ட பொருள்களை விற்கின்றன. பழைய முதலாளி கோபக்காரரைத் தணிக்கக் கையாண்ட தவணையும், விலைக்குறைப்பும், மேலதிகமாக அள்ளிப்போடும் ஒரு பிடியும் சம்பளத்துக்கு நிற்கும் ஊழியரின் அதிகாரத்தில் இல்லை. சலுகை காட்டும் உரிமை முகாமையிடமும் ஏச்சுக் கேட்கும் கடமை ஊழியரிடமும் பிரிந்துவிட்டமையே இன்றைய பிணக்கை முந்தையதிலிருந்து வேறுபடுத்துகிறது. ஊழியருக்குப் பொறுமையைப் போதிக்கும் பயிற்சிகள் இப்பிரிவை அப்படியே விட்டுவிடுவதால், அவற்றின் பயனும் அந்த எல்லைக்குள்ளேயே நிற்கிறது.