சளி டப்பாவைத் திறப்பவருக்கு என்ன பாதுகாப்பு? டி.பி. லேபுக்குள் ஒரு விசிட்!

நைனார்பாளையத்தில் ஒருவருக்கு ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் நிக்கலைன்னா, டாக்டர் முதல்ல கேட்பது சளி டெஸ்ட். சின்ன டப்பாவில் கொடுத்துட்டு வீட்டுக்கு வந்துடுவோம். அதை லேபில் திறக்கிறவரைப் பத்தி யோசிச்சிருக்கீங்களா?

1882-ல் ராபர்ட் கோக் கண்டுபிடித்த காசநோய் பாக்டீரியா, காற்றில் பரவக்கூடியது. டப்பாவைத் திறந்தாலோ, குலுக்கினாலோ, சென்ட்ரிஃபியூஜில் சுற்றினாலோ கண்ணுக்குத் தெரியாத துளிகள் மிதக்கும். மூச்சு விட்டாலே உள்ளே போயிடும்.

எல்லா டெஸ்ட்டும் ஒரே ரிஸ்க் இல்லை. ஜீன் எக்ஸ்பெர்ட் மெஷினுக்கு முன்பு சளியில் கலக்கும் திரவமே பெரும்பாலான கிருமிகளைக் கொன்றுவிடும். ஆனா, எந்த மருந்து கேட்கும்னு பார்க்க, கிருமியை உயிரோடு வாரக்கணக்கில் வளர்க்கணும். டப்பாவில் கொஞ்சமா இருந்தது அங்கே கோடிக்கணக்கில் பெருகிடும். அதுக்குத்தான் 'பி.எஸ்.எல்-3' லேப். சென்னை சேத்துப்பட்டில், 1956-ல் தொடங்கப்பட்ட தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்த வசதி உண்டு.

இந்த லேபுக்கு அடுத்தடுத்து ரெண்டு கதவு. ரெண்டையும் ஒரே நேரத்தில் திறக்கக் கூடாது. காற்று எப்பவும் வெளியிலிருந்து உள்ளேதான் போகும்; வெளியேறும் காற்றை ஹெப்பா ஃபில்டர் வடிகட்டும். என்95 மாஸ்க், பின்பக்கம் கட்டும் கவுன், கிளவுஸ் போட்டு, கண்ணாடித் தடுப்புள்ள கேபினெட்டுக்குள் கைவிட்டு வேலை பார்க்கணும். சாப்பாடு, மேக்கப் கிடையாது. மொபைலும்தான்... ரீல்ஸ் ரசிகர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்! குப்பையைக்கூட, ராட்சத பிரஷர் குக்கர் மாதிரியான ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் வேகவைத்த பிறகே வெளியே அனுப்புவாங்க.

கேபினெட்டுக்கு வெளியே கிருமி வளர்த்த குழாய் உடைஞ்சா? நம்ம கை உடனே துணியைத் தேடும். அதுதான் தப்பு. எல்லாரும் வெளியேறி, கதவை மூடி, குறைஞ்சது அரை மணி நேரம் காற்று சுத்தமாகட்டும்னு காத்திருக்கணும். அப்புறம்தான் கிருமிநாசினி.

அந்தக் கிருமிநாசினியின் தேதியும் முக்கியம். 2019-ல் சீனாவின் லான்ஜோ நகரில், கால்நடைத் தடுப்பூசி ஆலை ஒன்று காலாவதியான கிருமிநாசினியைப் பயன்படுத்தியது. கழிவுக் காற்றோடு புரூசெல்லா பாக்டீரியா வெளியேற, 10,000-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. தப்பு நடந்தது ஒரு பாட்டிலில், மாட்டிக்கிட்டது ஊரு!

உங்க பங்குக்கும் வேலை இருக்கு. சளியைக் கூட்டமான வரிசையில் நின்னு எடுக்காதீங்க, திறந்தவெளிக்குப் போங்க. டப்பாவுக்கு வெளியே ஒட்டாம பார்த்துக்கோங்க. பெயரை மூடியில் எழுத வேண்டாம், மூடி மாறிடலாம். டப்பாவின் பக்கவாட்டில் எழுதி, இறுக்கமா மூடிக் கொடுங்க.