ஹசாராக்கள் – 9: அமீர் வீட்டு எழுத்தர்

போன வாரம் அமீர் அப்துர் ரஹ்மானின் படை உரூஸ்கான் மலையடிவாரத்தில் நின்றது. 1892-ல் உரூஸ்கான் எப்படி விழுந்தது என்று இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். எழுத உட்கார்ந்ததும் ஒரு மனிதர் குறுக்கே வந்து நின்றுவிட்டார். அவரைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

ஃபைஸ் முகமது காதிப். ‘காதிப்’ என்றால் எழுத்தர். கஜ்னி பக்கத்துக் கராபாக்கில் பிறந்த ஹசாரா. காபூல் அரண்மனையில் அமீர் ஹபீபுல்லாவிடம் வேலை பார்த்தார். இந்த ஹபீபுல்லா, ஹசாராஜாத்தைச் சூறையாடிய அதே அப்துர் ரஹ்மானின் மகன். ஆப்கன் வரலாற்றை எழுது என்று காதிபுக்குக் கட்டளையிட்டவர் அவர்தான். நூலின் பெயரே அவருடைய பட்டத்திலிருந்து வந்தது: ‘சிராஜுத் தவாரிக்’, வரலாறுகளின் விளக்கு.

ஹசாராக்களைக் காஃபிர்கள் என்று முல்லாக்களைக் கொண்டு தீர்ப்புச் சொல்லவைத்தார் அப்துர் ரஹ்மான். மேய்ச்சல் நிலத்தைப் பிடுங்கிப் பஷ்தூன் நாடோடிகளுக்குக் கொடுத்தார். பெண்களும் பிள்ளைகளும் காபூல் சந்தையில் விலைபோனார்கள். அந்த ஆட்சியின் கதையை அவருடைய மகனுக்காக ஒரு ஹசாரா எழுத வேண்டும். அமீர் வாசித்துத் திருத்தம் சொன்ன பிறகே அச்சுக்குப் போகும்.

காதிப் எழுதினார். அமீர்களுக்கான புகழ்மொழி குறைவில்லாமல் இருக்கிறது. தன் சனத்தையே கலகக்காரர்கள் என்கிறார். ஆனால் கூடவே அரசாணைகளையும் படைத்தலைவர்களின் கடிதங்களையும் பக்கம் பக்கமாகச் சேர்த்துக்கொண்டே போகிறார். அடிமை விற்பனைக்கு அரசு வரி வாங்கியது அதில் இருக்கிறது. ஹசாரா வீடுகளில் படைவீரர்கள் செய்த அட்டூழியமும் இருக்கிறது. 1910-களில் காபூல் அரசே அதை அச்சிட்டது! நாட்டை ஒன்றாக்கிய ‘இரும்பு அமீர்’ என்று அப்துர் ரஹ்மானை மெச்சுகிறவர்கள் இன்றும் உண்டு. அந்த ஆணைகளைப் படித்த பிறகு என்னால் அவரைக் கொடியவர் என்றுதான் சொல்ல முடிகிறது. அவர் வளர்த்த அடிமைமுறையைச் சட்டப்படி ஒழிக்க 1923-ல் அவருடைய பேரன் அமானுல்லா வர வேண்டியிருந்தது.

1929-ல் அமானுல்லாவை விரட்டிவிட்டு, தண்ணீர் சுமப்பவரின் மகன் ஹபீபுல்லா கலகானி காபூலில் அமர்ந்தார். ஹசாராக்கள் அவருக்குப் பணியவில்லை. அவர்களை வழிக்குக் கொண்டுவரக் காதிபைத் தூது அனுப்பினார். காதிப் வெறுங்கையோடு திரும்பினார். அதற்குக் கூலியாகக் கடுமையான அடி. அறுபதைக் கடந்த உடம்பு. அந்த நாட்களின் கலவரத்தையும் அவர் நாட்குறிப்பாக எழுதிவைத்திருக்கிறார். 1931-ல் காபூலில் இறந்தார்.

உரூஸ்கானுக்கு இந்த வாரம் இடம் போதவில்லை. அடுத்த வாரம், காதிப் சேர்த்துவைத்த அந்தக் கடிதங்களிலிருந்தே தொடங்குகிறேன்.