பெற்றோரின் மருத்துவக் கருவிகளும் பிள்ளைகளின் அச்சமும்

இன்று நம்மில் பலருடைய வீடுகளில் ஏதாவது ஒரு மருத்துவக் கருவி இருக்கிறது. பிரிட்ஜில் இன்சுலின் பேனா, மேசை இழுப்பறையில் சுகர் பார்க்கும் மிஷின், கட்டிலுக்குப் பக்கத்தில் பிபி மிஷின். பெரியவர்களுக்கு இவை பழகிப்போன பொருள்கள். அதே வீட்டில் வளரும் ஐந்து வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு இவை எப்படித் தெரிகின்றன என்று நாம் யோசிப்பதில்லை.

பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாது என்று பல பெற்றோர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஊசி போட்டுக்கொள்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பதைப் பிள்ளை தானாகவே கற்பனை செய்துகொள்கிறது. அந்தக் கற்பனை பெரும்பாலும் உண்மையைவிடப் பயங்கரமானது. அதே கருவியைப் பிள்ளையின் முன் எடுத்து வைத்து, பெயர் சொல்லி, வேலையை விளக்கினால் பயம் குறையும்.

ஊசி தண்டனை அல்ல

"சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்." இந்த மிரட்டலைக் கேட்காமல் வளரும் பிள்ளை நம்மிடையே குறைவு. ஊசி என்பது தப்பு செய்தவர்களுக்கு என்று அதன் மனத்தில் பதிந்துவிடுகிறது. அப்படிப் பதிந்த பிள்ளை, வாப்பா தினமும் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வதைப் பார்த்தால் என்ன நினைக்கும்? வாப்பா என்ன தப்பு செய்தார் என்றுதான் நினைக்கும். எனவே முதலில் நிறுத்த வேண்டியது இந்த மிரட்டலைத்தான்.

அதற்குப் பதிலாகச் சொல்வதற்கு உண்மையான செய்தி ஒன்று இருக்கிறது. 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகர மருத்துவமனையில், நீரிழிவுக்காக முதன்முதலில் இன்சுலின் ஊசி போடப்பட்டவர் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவர். அதற்கு முன் அவரைப் போன்ற பிள்ளைகளைக் காப்பாற்ற மருந்தே இல்லை. இந்த ஊசி ஆளை நலமாக வைத்திருக்கக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதைப் பிள்ளை எளிதில் புரிந்துகொள்ளும்.

பிள்ளை கேட்காத மூன்று கேள்விகள்

தாய் தந்தையின் நோயைப் பார்க்கும் பிள்ளையின் மனத்தில் பொதுவாக மூன்று கேள்விகள் ஓடும். வாய்விட்டுக் கேட்காது. நாமே பதில் சொல்லிவிடுவது நல்லது.

1. என்னால்தான் வந்ததா? மூன்று வயது முதல் ஆறேழு வயது வரை, தான் செய்ததாலும் நினைத்ததாலும்தான் எல்லாம் நடக்கிறது என்று பிள்ளைகள் நம்புவதுண்டு. நம் பேச்சு வழக்கில் நோய்க்கே 'சர்க்கரை' என்று பெயர். "நான் கொடுத்த மிட்டாயாலதான் வாப்பாவுக்குச் சர்க்கரை வந்துச்சு" என்று ஒரு பிள்ளை நினைத்துக்கொள்ள இதுவே போதும். "உன்னால் வரவில்லை" என்று நேரடியாகச் சொல்லுங்கள்.

2. எனக்கும் தொற்றுமா? நீரிழிவும் ரத்த அழுத்தமும் தொற்றாது. கட்டிப்பிடிக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். வளர்ந்த பிள்ளைகளிடம் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும்: குடும்பத்தில் இருந்தால் பிற்காலத்தில் வரும் வாய்ப்பு சற்று அதிகம், உடற்பயிற்சியும் நல்ல உணவும் அந்த வாய்ப்பைக் குறைக்கும்.

3. என்னை யார் பார்த்துக்கொள்வார்கள்? மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் பள்ளிக்கு யார் கூட்டிப்போவார், இரவு யாருடன் தூங்குவது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். பிள்ளைக்குப் பொதுவான ஆறுதலைவிட "பெரியம்மா வந்து உன்னோட இருப்பாங்க" என்ற உறுதி பெரிது.

எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது?

சுகர் பார்க்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைக்கலாம். திரையில் வரும் எண்ணை உரக்கப் படிப்பது, தேதி போட்டு நோட்டில் எழுதுவது ஆகிய வேலைகளைத் தரலாம். எண் கூடியிருந்தால் பெரியவர்கள் முகம் மாற வேண்டாம். பிள்ளை எண்ணைவிட நம் முகத்தைத்தான் படிக்கிறது. "இன்னைக்குக் கொஞ்சம் கூடியிருக்கு, டாக்டர் சொன்னபடி செய்வோம்" என்றால் போதும்.

எண் 70-க்குக் கீழே போனால் நேர்மாறான காட்சி நடக்கும். இனிப்பே கூடாது என்றிருந்தவர் அவசரமாகச் சர்க்கரைத் தண்ணீர் குடிப்பார். பிள்ளை குழம்பிப்போகும். "சர்க்கரை கூடினாலும் கஷ்டம், குறைஞ்சாலும் கஷ்டம், இப்ப குறைஞ்சிருக்கு" என்று விளக்குங்கள். சுமார் 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்ப்பதே வழக்கமான முறை. எண் ஏறுவதைத் தன் கண்ணால் பார்க்கும் பிள்ளைக்கு வரும் தைரியம் சொல்லித் தருவதால் வராது.

ஆனால் இன்சுலின் பேனா, ஊசிமுனை, விரலில் குத்தும் லான்செட் ஆகியவற்றைப் பிள்ளை கையில் தரவே கூடாது. பெரியவருக்கான இன்சுலின் அளவு குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம். விளையாட்டுக்குக்கூட உங்கள் லான்செட்டால் பிள்ளையின் விரலைக் குத்தாதீர்கள். ரத்தம் வழியே மஞ்சள் காமாலைக் கிருமிகள் பரவக்கூடும். பயன்படுத்திய ஊசிகளைக் கெட்டியான, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு எட்டாத இடத்தில் வையுங்கள். சில மிஷின்களில் உள்ள பொத்தான் வடிவ பேட்டரியை விழுங்கினால் உணவுக்குழாய் வெந்து புண்ணாகும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மருத்துவமனைக்கு ஓர் ஒத்திகை

வெள்ளைக் கோட்டைக் கண்டதும் அழும் பிள்ளைக்கும் வீட்டுக் கருவிகள் உதவும். பிபி மிஷினின் பட்டையை வாப்பாவின் கையில் சுற்றவும் பொத்தானை அழுத்தவும் பிள்ளையை விடுங்கள். கை இறுகும், பிறகு தளரும் என்பதைப் பார்த்துக்கொள்ளும். பெரியவர் பட்டை பிள்ளையின் கைக்குப் பெரிது என்பதால் அதில் பிள்ளைக்கு வரும் எண் தவறாக இருக்கும். அதை நம்ப வேண்டாம். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வலிக்காது, சிவப்பாக ஒளிரும். வாப்பாவின் இதயத்துடிப்பை எண்ணில் பார்க்கலாம்.

ஸ்டெதஸ்கோப் இல்லாத வீட்டில் காகிதம் போதும். 1816-இல் பிரெஞ்சு மருத்துவர் லேனக் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி ஒரு நோயாளியின் இதய ஒலியைக் கேட்டதில் இருந்துதான் அந்தக் கருவி பிறந்தது. பிள்ளையும் அதேபோலச் சுருட்டி உம்மாவின் நெஞ்சில் வைத்துக் கேட்கட்டும். முதலில் பொம்மைக்கு, பிறகு பெற்றோருக்கு, கடைசியில் தனக்கு என்ற வரிசையில் பழகினால் பயம் எளிதில் விலகும். ஊசி போடப் போகும்போது மட்டும் "வலிக்கவே வலிக்காது" என்று பொய் சொல்லாதீர்கள். "கொஞ்சம் வலிக்கும், சீக்கிரம் போயிடும்" என்பதே உண்மை. ஒருமுறை ஏமாந்த பிள்ளை அடுத்த முறை நம்பாது.

முகமூடி, குழாய், மூடிய கதவு

தூக்கத்தில் மூச்சுத் தடைபடுபவர்கள் மாட்டும் சிபேப் முகமூடியை இரவில் திடீரென்று பார்த்தால் பிள்ளை அலறும். பகலில் மாட்டிக் கழற்றிக் காட்டுங்கள். வரும் காற்றைப் பிள்ளையின் உள்ளங்கையில் படவிடுங்கள். ஆக்சிஜன் மிஷின் இருந்தால் அதன் குமிழைத் திருகக் கூடாது, பக்கத்தில் தீக்குச்சி, ஊதுபத்தி, சாம்பிராணி கூடாது என்பதைப் பிள்ளைக்கும் சொல்லுங்கள்.

வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவர்கள் பையை மாற்றும்போது கிருமி புகாமலிருக்க ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்த வேண்டும். பிள்ளை உள்ளே இருக்க முடியாது. இங்கே கதவு மூடித்தான் ஆக வேண்டும். அதனால் முன்பே ஒரு காலிப் பையைக் காட்டி, உள்ளே என்ன நடக்கும், எவ்வளவு நேரமாகும், முடிந்ததும் கதவைத் திறப்போம் என்று சொல்லிவிட்டு மூடுங்கள்.

பிள்ளை காவலாளி அல்ல

நோட்டில் எண் எழுதும் பிள்ளை, வாப்பாவின் உயிர் தன் கையில் இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. "மருந்தைப் பார்த்துக்கொள்வது பெரியவர்கள் வேலை" என்று அடிக்கடி சொல்லுங்கள். வாப்பா மயங்கினால் பிள்ளை செய்ய வேண்டியது இரண்டே: பெரியவர் யாரையாவது அழைக்க வேண்டும்; யாரும் இல்லையென்றால் தமிழகத்தில் 108-க்கும் இலங்கையில் 1990-க்கும் போன் செய்து முகவரி சொல்ல வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதையும் கற்றுக்கொடுங்கள்.

இவ்வளவு செய்தும் சில வாரங்களுக்கு மேல் தூக்கமின்மை, மறுபடியும் படுக்கையில் சிறுநீர் கழித்தல், பள்ளி செல்ல மறுத்தல் தொடர்ந்தால் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுவதில் தயக்கம் வேண்டாம்.

நோயை நாம் பிள்ளைகளிடமிருந்து அதிக நாள் மறைக்க முடியாது. மறைக்கும் நாள்களில் அவர்கள் தனியாகப் பயப்படுகிறார்கள். இன்று சுகர் பார்க்கும்போது கதவைச் சாத்தாமல், பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துப் பாருங்கள்.